ஊராட்சி வரை வந்த கம்பி

பொதுக் குளங்களைத் தீண்டப்படாதாருக்கும் திறந்துவிடச் சொல்லி 1923இல் பம்பாய் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மகாத் நகராட்சி 1924இல் அதை ஏற்றுக்கொண்டது. தண்ணி மட்டும் கிடைக்கல. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிப் போய்ச் சவுதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்; திரும்பிய மக்களைச் சாதி இந்துக்கள் அடித்து நொறுக்கினார்கள்.

இணையமும் இப்போது தீர்மானக் கட்டத்தில் இருக்கிறது. இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையின் பகுதி என்றது கேரள உயர்நீதிமன்றம், 2019இல். அதே கேரளத்தில், 2020 சூன் 1, இணையவழி வகுப்புகள் தொடங்கிய அன்று, மலப்புரம் மாவட்டத்துத் தலித் கூலித் தொழிலாளியின் மகள் தன்னை மாய்த்துக்கொண்டாள். வீட்டில் டிவி பழுது. ஸ்மார்ட்போன் இல்லை. படித்த மாநிலம்னு பேரு.

இங்கே மட்டும் என்ன வாழுது? கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பம் இணையத்தில். பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கில். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியும். ரீசார்ஜ் பண்ண வழியில்லாமல் சிம் செத்துப்போகும், ஓடிபி அந்தச் செத்த நம்பருக்கே போகும். பிள்ளை எழுதிக்கொடுத்தது ஒரு கணக்கு, ஆதார் சேர்ந்திருப்பது வேறொரு கணக்கு. கல்லூரி வங்கியைக் கை காட்டும், வங்கி ஆதார் மையத்தைக் கை காட்டும். அப்பனுக்கு ரெண்டு நாள் கூலி போச்சு. மெயில் ஐடியும் பாஸ்வேர்டும் பிரவுசிங் சென்டர்காரர் போட்டது, அவருக்குத்தான் தெரியும். இத்தனையும் தாண்டிக் கணினியில் நடக்கும் வங்கித் தேர்வுக்குப் போய் உட்கார்ந்தால், மவுசைப் பிடிக்கவே தடுமாறுகிற பிள்ளையிடம் தகுதி, திறமை என்று பேசுகிறார்கள்.

2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை 'ஓசி' என்று இளித்தவர்கள் வீட்டில் எத்தனை கணினி என்று யாரும் எண்ணவில்லை. கருவி வந்தது நல்லதுதான். கற்றுக்கொடுக்கப் போதிய ஆள் வரவில்லை.

பாரத்நெட் கம்பி ஊராட்சி அலுவலகம் வரைக்கும்தான். அந்த அலுவலகம் பெரும்பாலும் ஊருக்குள் இருக்கிறது, சேரியில் இல்லை.

மாணவத் தோழர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது அம்பேத்கர் படிப்பகத்தில், இரவுப் பள்ளியில் ரெண்டு பழைய கணினியாவது போடுங்கள். நீங்களே விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பிள்ளைகள் தட்டட்டும், நேரமானாலும் பரவாயில்லை. பாஸ்வேர்டு அவர்கள் நோட்டில் இருக்கட்டும். அரசுப் பள்ளிக் கணினி அறையை மாலையில் திறக்கவும், ஊராட்சி இணைப்பைச் சேரிப் படிப்பகத்துக்கு இழுக்கவும் கிராம சபையில் தீர்மானம் கேளுங்கள். மறுத்தால், மறுத்ததையும் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.