வெளியேற்றுவது ஒழுங்கு நடவடிக்கை ஆகாது

1985 ஜூலையில் கேரளப் பள்ளி ஒன்றிலிருந்து மூன்று பிள்ளைகள் வெளியேற்றப்பட்டனர். யெகோவா சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த அவர்கள், தேசிய கீதம் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள், ஆனால் பாடவில்லை. குற்றம் அவ்வளவே. அவர்கள் அவமரியாதை எதுவும் செய்யவில்லை என்று விசாரணை ஆணையமே கூறியிருந்தது. எனினும் கல்வித்துறை அதிகாரி உத்தரவிட்டார், தலைமையாசிரியை பணிந்தார். 1986 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு, பிள்ளைகளை மீண்டும் சேர்த்துக்கொள்ள ஆணையிட்டது. அதற்குள் ஓராண்டு கடந்துவிட்டது.

அந்தப் பாடத்தை நம் பள்ளி நிர்வாகங்கள் இன்னும் கற்கவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. அதன் 17ஆம் பிரிவு, உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. சட்டத்தை மீறாமலே மீறும் வழியை நிர்வாகங்கள் அறியும். பெற்றோரை அழைத்து, அவர்களே கேட்டதுபோல் எழுதி வாங்கி, டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டால் போதும். கூலி வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கும் தாய், தலைமையாசிரியரின் மேசைக்கு முன் என்ன வாதாட முடியும்?

“கண்டிப்பு இல்லாவிட்டால் பள்ளி என்னாவது?” என்று கேட்போர் உண்டு. சக மாணவனை அடிப்பவனையும், சாதியின் பெயரால் இழிவுபடுத்துபவனையும் தட்டிக் கேட்கத்தான் வேண்டும். பாதிக்கப்பட்ட பிள்ளையின் பாதுகாப்பே முதல் கடமை. சமரசம் என்ற பெயரில் அப்பிள்ளையின் வாயை அடைப்பதும் அநீதியே. ஆனால் தவறு செய்தவனை அடுத்த பள்ளிக்கோ தெருவுக்கோ தள்ளிவிடுவது தீர்வன்று. பள்ளி தன் பொறுப்பைக் கைகழுவுவதாகும்.

கட்சியின் அமைப்புச் சட்டத்தைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஓர் உறுப்பினர் மீது நடவடிக்கை எடுக்குமுன் குற்றச்சாட்டைத் தெரிவிக்கிறோம், விளக்கம் கேட்கிறோம், மேல்முறையீட்டுக்கு வழி வைக்கிறோம். அனுபவம் மிக்க தோழருக்கே இத்தனை பாதுகாப்பு தேவையென்றால், பதின்மூன்று வயதுச் சிறுமிக்கு வேண்டாமா? தலைமையாசிரியர் குற்றச்சாட்டை எழுத்தில் தரட்டும். பெற்றோர் முன்னிலையில் பிள்ளையின் சொல்லைக் கேட்கட்டும். குற்றம் சாட்டியவரே தீர்ப்பு வழங்காதிருக்கட்டும். முடிவுக்கான காரணத்தைப் பதிவு செய்யட்டும்.

கேட்பதற்கு மன்றமும் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும். அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கட்டணம் வசூலிப்போர் பெற்றோருக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்ற இந்தச் சலுகை ஒழிய வேண்டும். வெளியேற்றத்துக்கான தடை பன்னிரண்டாம் வகுப்பு வரை நீள வேண்டும்.

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளியின் மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது என்று விசாரியுங்கள். போராட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.