அயோவாக் கமக்காரனும் வேலணைத் தோட்டக்காரனும்

அமெரிக்காவைப் பற்றி நம்மவரிடையே இருவகைப் பேச்சுகள் உள. ஒன்று புகழ்ச்சி, மற்றது வசை. 1823இல் வட்டுக்கோட்டையில் எழுந்த செமினரியும், 1847இல் வந்த வைத்தியர் கிறீன் தமிழிலே செய்து தந்த மருத்துவ நூல்களும் புகழ்வோர் வாயில் என்றும் நிற்பன. வியட்நாமில் விழுந்த குண்டுகள் வசைபாடுவோர் நாவில் நிற்பன. இரு திறத்தாரும் செய்யாத ஒன்றுண்டு. அந்த நாட்டை ஒரு நாடாகக் கொண்டு அவர்கள் ஆராய்வதில்லை. அங்கும் கமக்காரர் உளர். அவர்க்கும் கடன் உண்டு. தேர்தலிலே தோற்றுவிடுவோமோ என்று அஞ்சும் அரசியல்வாதிகளும் உளர். இவற்றை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது.

இக்கட்டுரையில் நான் நிறுவ முற்படுவது ஒன்றே. கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கா உலகுக்கு உபதேசித்த பொருளாதாரம் வேறு. தன் வீட்டில் அது கைக்கொண்ட பொருளாதாரம் வேறு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் வாக்குச் சீட்டு. அதன் விலையைச் செலுத்தியவருள் நமது தீவகத்துத் தோட்டக்காரனும் ஒருவன்.

முதலில் கோதுமை மாவை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரசு தன் கமக்காரரின் விளைபொருளுக்கு விலை உத்தரவாதம் அளித்தது. அதனால் விளைச்சல் பெருகிக் களஞ்சியங்கள் நிரம்பி வழிந்தன. மிகுந்ததை என் செய்வது? 1954இல் ஜனாதிபதி ஐசனோவர் ஒப்பமிட்ட பொதுச் சட்டம் 480 அதற்கு வழி கண்டது. மிகையான தானியம் ஏழை நாடுகளுக்கு இலகுவான நிபந்தனைகளில் விற்கப்பட்டது. சில வேளைகளில் கொடையாகவும் வழங்கப்பட்டது. பசித்தவர்க்கு அது உணவே என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சட்டத்தின் வேர் அயோவாவிலும் கன்சாசிலும் இருந்த வாக்காளரின் களத்துமேட்டில் ஊன்றியிருந்தது.

அக்கொடையின் இயல்பு 1963இல் வெளிப்பட்டது. சிறிமாவோ பண்டாரநாயக்கா அரசு அமெரிக்க எண்ணெய்க் கம்பனிகளின் உடைமைகளைத் தேசவுடைமையாக்கிற்று. நட்ட ஈடு தாமதமாயிற்று என்ற காரணங்காட்டி, அமெரிக்கப் பாராளுமன்றம் முந்திய ஆண்டு இயற்றிய சட்டத்திருத்தமொன்றின்படி, இலங்கைக்கான பொருளுதவி நிறுத்தப்பட்டது. அத்திருத்தத்திற்கு முதன்முதல் இலக்கான நாடு நம் நாடே. 1965இல் ஆட்சி மாறியது, உதவியும் மீண்டது.

இனி 1970க்கு வருவோம். அவ்வாண்டு அமைந்த ஐக்கிய முன்னணி அரசு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் செம்மண் தோட்டங்களுக்கு அஃது ஒரு பொற்காலமாயிற்று. தீவகத்திலே நன்னீர்க் கிணறு வாய்த்த இடங்கள் சிலவே. நெடுந்தீவு பனைக்கும் கால்நடைக்கும் உரியது. நயினாதீவும் ஊர்காவற்றுறையும் கடலை நம்பியவை. எனினும் வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களில் நீர் கிடைத்த நிலத்திலெல்லாம் மிளகாயும் வெங்காயமும் விளைந்தன. துலா மிதித்த கிணற்றடிகளில் நீரிறைக்கும் இயந்திரங்கள் ஒலித்தன. படித்துவிட்டு உத்தியோகம் கிடையாதிருந்த இளைஞர் பலர் மண்வெட்டியைக் கையிலெடுத்த காலம் அது.

அக்காலத்தை முற்றும் போற்றுதற்கும் இல்லை. பாணுக்கு மக்கள் விடியுமுன்பே வரிசையில் நின்றனர். மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்லத் தடையிருந்தது. தோட்டக்காரனுக்கு இலாபம் தந்த அதே கட்டுப்பாடு, கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை வைத்திருந்த தீவக வணிகனுக்கு இடுக்கண் தந்தது. ஒரே வீட்டில் அண்ணன் வாழ்ந்தான், தம்பி வாடினான். பொருளாதாரக் கொள்கை எதுவாயினும் அதனால் ஆக்கம் பெறுவோரும் கேடு அடைவோரும் இருப்பர் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் வேண்டுவதில்லை.

1977 நவம்பரில் புதிய அரசின் வரவு செலவுத் திட்டம் கதவுகளைத் திறந்தது. டொலரின் மதிப்பு 16 ரூபா என்றாயிற்று. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் தளர்ந்தன. சர்வதேச நாணய நிதியமும் உலக வங்கியும் ஆதரவளித்தன. 1979இல் அரிசி மானியத்தின் இடத்தை உணவு முத்திரை பெற்றது. மிளகாயும் வெங்காயமும் கப்பலேறி வந்திறங்கின. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் ஏழாண்டுகளாகப் பெற்றிருந்த சந்தை கைநழுவத் தொடங்கிற்று. ஜனாதிபதி றேகன் பதவியேற்றது 1981இல். ஆகவே இலங்கையின் திறந்த பொருளாதாரம் அவருக்கு முற்பட்டது. ஆயினும் அதற்குப் பின் உலகெங்கும் வீசிய காற்று வாஷிங்டனிலிருந்தே வீசியது. 1984 ஜூனில் ஜனாதிபதி ஜெயவர்த்தனா வெள்ளை மாளிகைக்குச் சென்றபோது, இரு அரசுகளும் பொருளாதாரத்தில் ஒரே மொழியைப் பேசின.

அந்த மொழியைப் பேசிய அமெரிக்காவின் உள்ளே நிகழ்ந்தது யாது? 1971இல் ஜனாதிபதி நிக்சன் டொலருக்கும் பொன்னுக்கும் இருந்த பிணைப்பை அறுத்தார். 1973இல் எண்ணெய் விலை ஏறியது, பணவீக்கம் பெருகியது. 1979இல் மத்திய வங்கியின் தலைவரான போல் வோல்க்கர் அதனை அடக்க வட்டியை உயர்த்தினார். 1980ஆம் ஆண்டின் இறுதியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி நூற்றுக்கு 20 வீதத்தையும் தாண்டிற்று. 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் 11,000 பேருக்கு மேற்பட்டோரை றேகன் ஒரே கட்டளையில் நீக்கினார். தொழிற்சங்கங்களின் முதுகெலும்பு அன்று முறிந்தது என்பர். செல்வரின் வருமானத்தில் நூற்றுக்கு 70 வீதமாக இருந்த உச்ச வரி, அவர் பதவி நீங்கும் காலத்தில் 28 வீதமாக இறங்கியிருந்தது. சிக்கனம் பேசிய அந்த ஆட்சியிலேயே நாட்டின் கடன் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று.

இவ்வட்டி உயர்வு அமெரிக்கக் கமக்காரனையும் விட்டுவைக்கவில்லை. எழுபதுகளில் சோவியத் நாடு பெருவாரியாகத் தானியம் வாங்கியபோது, வேலியோரம் வரை விதையுங்கள் என்று அரசே அவனை ஊக்கியது. அவனும் கடன் பட்டு நிலம் வாங்கினான். 1980 ஜனவரியில், ஆப்கானிஸ்தான் படையெடுப்பைக் கண்டித்து, சோவியத்துக்கான தானிய விற்பனையை ஜனாதிபதி கார்ட்டர் நிறுத்தினார். வட்டி ஏறிற்று, டொலர் வலுத்தது, வெளிநாட்டுச் சந்தை சுருங்கிற்று. 1981க்கும் 1986க்கும் இடையில் அயோவாவில் நிலத்தின் விலை நூற்றுக்கு 60 வீதத்திற்கு மேல் வீழ்ந்தது. தலைமுறை தலைமுறையாக உழுத குடும்பங்கள் தம் காணிகளை ஏலத்தில் இழந்தன.

ஈண்டு வாசகர் சற்றே நின்று நோக்கவேண்டும். ஏறத்தாழ ஒரே காலத்தில், உலகின் இரு கோடிகளில், அயோவாக் கமக்காரனும் வேலணைத் தோட்டக்காரனும் தம்மால் ஆளமுடியாத விலைகளின் கையில் அகப்பட்டனர். இருவரும் உழைப்பில் குறைந்தவரல்லர். ஆயின் அதன்பின் நடந்தவை வெவ்வேறு.

சந்தையே நீதி வழங்கும் என்று உலகுக்குரைத்த றேகன் அரசு, 1986ஆம் நிதியாண்டில் கமத்தொழில் ஆதரவுக்கு ஏறத்தாழ 2,600 கோடி டொலரைச் செலவிட்டது. கொள்கை வளைந்தது ஏன்? அமெரிக்கச் செனற் சபையில் ஒவ்வொரு மாநிலத்திற்கும் இரண்டே இடங்கள். கோடிக்கணக்கான மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும் இரண்டு. வயல்வெளியே பெரிதாகவுள்ள டக்கோற்றாக்களுக்கும் தனித்தனி இரண்டு. 1986 நவம்பரில் வட டக்கோற்றாவும் தென் டக்கோற்றாவும் றேகன் கட்சியின் உறுப்பினரைத் தோற்கடித்தன. செனற்றில் அக்கட்சியின் பெரும்பான்மையும் போயிற்று. அங்கே கமக்காரனின் கண்ணீருக்கு எடை உண்டு.

வேலணைத் தோட்டக்காரனுக்கு வாக்கு இல்லையா என்று வினவலாம். 1931 முதல் அவனுக்கும் வாக்கு உண்டு. 1977இல் ஊர்காவற்றுறைத் தொகுதி தமிழறிஞர் கா. பொ. இரத்தினத்தைத் தேர்ந்து அனுப்பிற்று. ஆயின் 168 இடங்களில் 140ஐ வென்றிருந்த அரசுக்கு அந்தத் தொகுதியின் தயவு வேண்டியிருக்கவில்லை. 1983இல் ஆறாம் அரசியலமைப்புத் திருத்தத்தின் பின்னர், கூட்டணி உறுப்பினர் பாராளுமன்ற இடங்களையே இழந்தனர். வாக்கு இருந்தது, அதற்கு எடை இருக்கவில்லை. எடையற்ற வாக்கை உடையவனுக்கே சந்தையின் கடுமை முழுமையாய்ப் பாய்கிறது.

தீவகத்தின் வீழ்ச்சிக்கு இறக்குமதி ஒன்றே காரணம் என்று நான் கூறவில்லை. அவ்வாறு கூறுவது உண்மைக்குப் புறம்பு. 1983இன் வன்செயல் தென்னிலங்கைக் கடைகளை எரித்தது. 1990, 1991ஆம் ஆண்டுகளின் போர் தீவகத்து மக்களை ஊரைவிட்டே பெயர்த்தது. கனடாவுக்கும் பிரான்சுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் போனவர் பலர். ஆயினும், போர் வந்து கதவைத் தட்டுமுன்பே தோட்டத்தின் பொருளாதாரம் தளர்ந்திருந்தது என்பதையும், கமத்தில் எதிர்காலம் காணாத இளைஞன் வேறு வழிகளைத் தேடினான் என்பதையும் வரலாறு எழுதுவோர் விட்டுவிடலாகாது.

நூற்றாண்டின் இறுதியிலும் இதே கதை நீண்டது. சோவியத் நாடு மறைந்தபின் சந்தைக் கோட்பாட்டுக்கு எதிரி இல்லாமற் போயிற்று. 1995இல் உலக வர்த்தக அமைப்புத் தோன்றியது. இலங்கையும் அதில் உறுப்புரிமை பெற்றது. 1996இல் கிளின்ரன் ஆட்சியில், கமத்தொழிலைச் சந்தையின் போக்கில் விடுவதற்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இரண்டாண்டுகளில் விலைகள் வீழ்ந்தன. உடனே அவசர உதவி என்ற பெயரில் பணம் பாய்ந்தது. 2000ஆம் ஆண்டில் அரசு நேராக வழங்கிய தொகை 2,200 கோடி டொலரைக் கடந்தது. அதே 1996இல் ஏழைத் தாய்மாருக்கான உதவிக்குக் கால எல்லை விதிக்கப்பட்டது என்பதையும் உடன் வைத்து நோக்குக. உழவனுக்கு அமைப்பு இருந்தது. ஏழைத் தாய்க்கு இல்லை. அமெரிக்காவின் உள்ளேயும் ஒரு வேலணை உண்டு.

இன்றைய நிலைமைக்கும் இப்பாடம் பொருந்தும். சுங்க மதிலை இடியுங்கள் என்று அரை நூற்றாண்டு உபதேசித்த அதே வாஷிங்டன், 2025 ஏப்ரலில் இலங்கைப் பொருள்களுக்கு 44 வீத வரியை அறிவித்து, ஆகஸ்டில் அதனை 20 வீதமாக்கிற்று. கோட்பாடு மாறியது எங்ஙனம்? கைத்தொழில் இழந்த அமெரிக்க மாநிலங்களின் வாக்கு மாறியது. கோட்பாடும் உடன் மாறிற்று. நம் அரசோ, 2022இன் நெருக்கடிக்குப் பின் 2023 மார்ச்சில் நாணய நிதியத்துடன் ஏறத்தாழ 300 கோடி டொலர் ஏற்பாட்டுக்கு உடன்பட்டு, பழைய பாடத்தை மீண்டும் ஓதத் தொடங்கிற்று.

வல்லரசுகளின் கண் தீவகத்தில் இன்று வேறு வடிவில் விழுந்துள்ளது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் காற்றாலும் வெயிலாலும் மின்சாரம் ஆக்கும் பணி, 2021இல் சீன நிறுவனத்திற்கென ஒதுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது, பணி நின்றது. ஏறத்தாழ 110 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தானது. 1954இன் கோதுமையைப் போலவே இந்த மின்சாரமும் நல்லதே, வேண்டுவதே. ஆயினும் தருவோனின் தேவை எது, நம் தேவை எது என்று பிரித்தறியும் அறிவு நமக்கு வேண்டும்.

அவ்வறிவை ஊட்டவேண்டியவர் ஆசிரியர். அமெரிக்க வரலாற்றைக் கற்பிக்கும்போது ஜனாதிபதிகளின் பெயர் வரிசையோடு நின்றுவிடாமல், விலை உத்தரவாதத்தையும் செனற் சபையின் இரண்டு இடங்களையும் மாணவருக்கு விளக்குக. அந்தக் கமக்காரன் காக்கப்பட்டது அவன் செய்த நியாயமான கூக்குரலால் மட்டுமன்று. கூக்குரலுக்குப் பின்னால் சங்கமும் வாக்கும் ஒன்றாய் நின்றமையாலும் ஆகும். ஊருக்கு மீண்டு, உவர்நீர் ஏறிய கிணற்றை இறைத்து, மறுபடியும் வெங்காயம் நடும் தீவகத்தான் இன்றும் ஒற்றையாளாகவே சந்தைக்குச் செல்கிறான். அறுவடை வேளையில் கப்பல் வெங்காயம் வந்திறங்கினால் அவன் முறையிடுவதற்கு ஒரு வாசல் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களை மீண்டும் உயிர்ப்பித்து, பிரதேச சபை முதல் பாராளுமன்றம் வரை அவன் குரலை எடையுள்ளதாக்குவதே அவ்வாசலைத் திறக்கும் வழி.