தவில் வளர்த்த குடும்பமும் நம் கடமையும்

நயினாதீவு நாகபூஷணி அம்மன் மஹோற்சவத்துக்கு மேளகாரர் குறிகட்டுவானில் படகேறும் காட்சியைக் கண்டு வளர்ந்த தீவகத்தார், ஒரு குடும்பத்தின் வித்தை ஊராரின் ஆதரவாலேயே நிலைபெறுகிறது என்னும் உண்மையைப் பிறரினும் நன்கறிவர்.

இணுவிலில் தவில் வித்துவான் விசுவலிங்கத்தின் மகனாக 1933இல் பிறந்து, காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் முதலிய மேதைகளின் நாதஸ்வரத்துக்குத் தவில் வாசித்துத் தமிழகத்து ரசிகர்களையும் பிரமிக்கச் செய்த யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி, 1975இல், நாற்பதைச் சற்றே கடந்த வயதில் மறைந்தார். மகன் உதயசங்கர் அத்தவிலைக் கையேற்றார். அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் தட்சிணாமூர்த்தியின் புகழை இந்தியத் தேசிய விருது வரை கொண்டு சென்றது.

ஆயினும் தந்தைவழி வந்த இவ்வித்தையை இரத்தத்தின் மகிமை என்று மட்டும் கொண்டாடுவது அரை நியாயமே ஆகும். விடியும்வரை மேளச்சமா கேட்ட ரசிகரும், தம் திருவிழாவுக்குச் சிறந்த மேளமே வரவேண்டுமென்று பிடிவாதம் கொண்ட உபயகாரரும் இல்லாதிருந்தால், தந்தையின் ஞானம் மைந்தனிடம் இத்துணைப் பிரகாசமடைந்திருக்குமோ? இன்றோ சில ஆலயங்களில் பூசைக்கு மின்சார மேளமே போதுமென்று கருதுகின்றனர். இது பெரும் பிழை.

ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரையுள்ள ஆலய பரிபாலன சபையினர், திருவிழாவில் ஓர் இரவையேனும் மேளச்சமாவுக்கு ஒதுக்கி, இளங்கலைஞருக்குத் தக்க சன்மானம் வழங்கி, மேளகாரர் குலத்தில் பிறவாத சிறுவரும் தவில் பயில வழிசெய்ய வேண்டுமென்று வேண்டுகிறேன்.