பூனையை விரட்டினால் பூச்சி போகுமா?



மழைக்காலம் தொடங்கியதும் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு வழக்கு எழுவதுண்டு. குழந்தையின் கணுக்காலைச் சுற்றிச் சிவந்த தடிப்புகள் தோன்றும். இரவெல்லாம் அது சொறிந்துகொண்டே இருக்கும். காலையில் பாயை உதறும் தாய், கடுகளவான ஒன்று துள்ளி மறைவதைக் காண்பாள். உடனே பழி பூனையின் தலையில் விழும். "என்னங்க, இதைச் சாக்கில் கட்டி எங்காவது தொலைவில் விட்டுவிட்டு வாருங்கள்" என்று கணவருக்குக் கட்டளை பிறக்கும். பிள்ளைகள் அழுவார்கள். விசாரணை இல்லாமலேயே தீர்ப்பு நிறைவேறிவிடும்.

ஆனால் பூனை போன பின்பும் கடி நிற்பதில்லை. முன்னைவிட மிகுவதும் உண்டு. இது ஏன் என்பதை அறிந்துகொண்டால், பூச்சியை ஒழிக்கும் வழியும் தெளிவாகிவிடும்.

இதனை உண்ணி என்று பலர் சொல்லுகிறார்கள். உண்ணி வேறு, இது வேறு. வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால்கள், அது துள்ளாது, தோலில் ஒட்டிக்கொண்டு பருத்துத் தொங்கும். இதுவோ தெள்ளுப்பூச்சி. ஆறு கால்கள், பக்கவாட்டில் தட்டையான பழுப்பு நிற உடல், இறக்கையில்லை. ஆனால் துள்ளுவதில் வல்லது.

தாய்ப்பூச்சி பூனையின் உரோமத்துக்குள் இருந்தபடியே இரத்தம் குடிக்கிறது. ஓரிரு நாள்களுக்குள் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40 அல்லது 50 முட்டைகள் வரையிலும் இடுகிறது. அந்த முட்டைகள் உரோமத்தில் ஒட்டி நிற்பதில்லை. பூனை எங்கெல்லாம் படுக்கிறதோ, எங்கெல்லாம் சொறிகிறதோ, அங்கெல்லாம் உதிர்கின்றன. பூச்சியின் கரிய எச்சமும் அவற்றோடு உதிர்கிறது. உப்பையும் மிளகுத்தூளையும் கலந்து தூவியது போல அந்த இடம் காணப்படும். சில நாள்களில் முட்டையிலிருந்து வெளிவரும் சிறு புழு, வெளிச்சத்துக்கு அஞ்சிப் பாயின் அடியிலும், தரை வெடிப்பிலும், கட்டிலின் மூலையிலும் நுழைந்துகொண்டு, அந்த எச்சத்தையே உண்டு வளர்கிறது. பிறகு பட்டு போன்ற கூடு கட்டி, அதன்மேல் தூசியைப் போர்த்திக்கொண்டு உறங்குகிறது.

வெப்பமும் ஈரமும் உள்ள காலத்தில் இவ்வளவும் மூன்று நான்கு வாரங்களுக்குள் முடிந்துவிடும். வெளியே அசைவு இல்லாவிட்டால், கூட்டுக்குள் இருக்கும் பூச்சி பல மாதங்கள்கூடக் காத்திருக்கும். காலடி அதிர்வும், உடலின் வெம்மையும், மூச்சுக் காற்றும் பட்டவுடன் வெளியே பாயும். கோடை விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிச் சென்று, திரும்பி வந்து கதவைத் திறந்ததும் காலில் கூட்டமாகப் பூச்சி ஏறுவதன் காரணம் இதுவே.

ஆகவே, பூனையின் உடலில் நாம் காணும் பூச்சி நூற்றில் ஐந்து பங்கு என்றே பொதுவாக மதிப்பிடப்படுகிறது. மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூடாகவும் நம் வீட்டுத் தரையில் இருக்கின்றன. பூனையை அகற்றினால் தரையிலுள்ளவை அகலுமா? அகலா. கூட்டைவிட்டு வெளிவந்த பூச்சி, பூனையைத் தேடும். அது இல்லாதபோது, பாயில் உறங்கும் குழந்தையையே நாடும்.

இது வெறும் அரிப்போடு நின்றுவிடும் காரியமன்று. 1898ஆம் ஆண்டில் கராச்சி நகரில், பால் லூயி சீமோன் என்ற பிரெஞ்சு மருத்துவர், கொள்ளைநோய் கண்ட எலியையும் நலமான எலியையும் ஒன்றையொன்று தொடாதபடி ஒரே கண்ணாடிச் சாடியில் வைத்தார். நலமான எலிக்கும் நோய் கண்டது. இடையே நோயைச் சுமந்தது தெள்ளுப்பூச்சி என்பதை அவர் கண்டறிந்தார். அது எலியின் தெள்ளுப்பூச்சி. நம் வீட்டுப் பூனையின் பூச்சியைக் கண்டு அத்தகைய அச்சம் கொள்ள வேண்டுவதில்லை. எனினும் இதுவும் தீங்கற்றதன்று. பூச்சி மிகுந்தால் பூனைக்குட்டி இரத்தமிழந்து சோர்ந்து மடியக்கூடும். பூச்சியை விழுங்கும் பூனைக்கும், தற்செயலாக விழுங்கிவிடும் குழந்தைக்கும் வயிற்றில் நாடாப்புழு உண்டாகலாம். பூச்சியின் எச்சம் படிந்த நகத்தால் பூனை கீறினால், சிலருக்குக் காய்ச்சல் கண்டு நெறி கட்டுவதும் உண்டு.

இனி, செய்ய வேண்டியவற்றைக் காண்போம்.

முதலாவது, ஐயம் தீருங்கள். பூனையை வெள்ளைத் துணியின்மேல் நிறுத்திப் பேன் சீப்பால் கழுத்திலும் வாலடியிலும் வாருங்கள். விழும் கரிய துகளை ஈரத் தாளில் வைத்தால், செம்பழுப்பு நிறம் பரவும். அது செரித்த இரத்தம். சீப்பில் சிக்கும் பூச்சியை நகத்தால் நசுக்காமல், சவர்க்காரம் கரைத்த நீரில் அமிழ்த்துங்கள்.

இரண்டாவது, பூனைக்கு உரிய மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள். ஃபிப்ரோனில், செலமெக்டின் போன்றவை பிடரித் தோலில் சொட்டாக விடப்படுகின்றன. எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை மருத்துவரே சொல்ல வேண்டும். வீட்டில் இரண்டு பூனைகளும் ஒரு நாயும் இருந்தால், மூன்றுக்கும் ஒரே காலத்தில் மருத்துவம் நடைபெற வேண்டும். மிகச் சிறிய குட்டிகளுக்குச் சீப்பே மருந்து.

மூன்றாவது, வீட்டைக் கவனியுங்கள். பூனை படுக்கும் துணியையும், போர்வைகளையும் வாரம் ஒருமுறை கொதிநீரில் அலசுங்கள். பாயையும் மெத்தையையும் நல்ல வெயிலில் காயப்போடுங்கள். உலர்ந்த வெப்பத்தைப் புழு தாங்காது. கட்டிலையும் பெட்டியையும் நகர்த்தி நாள்தோறும் பெருக்குங்கள். பெருக்கிய தூசியை வாசலில் கொட்டாமல் சவர்க்கார நீரில் போடுங்கள். தரை வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்துவிடுங்கள். திண்ணையின் அடியில், நிழலான மணலில் பூனை படுக்கும் வழக்கமிருந்தால் அந்த இடத்தையும் மறவாதீர்கள்.

நான்காவது, பொறுமை. கூட்டுக்குள் இருப்பதை மருந்து எளிதில் எட்டாது. ஆகவே சில வாரங்களுக்குப் புதிய பூச்சி வந்துகொண்டுதான் இருக்கும். "மருந்து பலிக்கவில்லை" என்று இடையில் கைவிடுவோர் பலர். உண்மையில் அப்போதுதான் மருந்து வேலை செய்கிறது. புதிதாக வெளிவரும் பூச்சி பூனையின்மேல் தாவுகிறது. அங்கே மருந்து பட்டு முட்டையிடாமலேயே மடிகிறது. மருத்துவம் பெற்ற பூனை இவ்வாறு நம் வீட்டுக்குள் நடமாடும் பொறியாகிறது. அதனை விரட்டுவோர், பூச்சியைப் பிடிக்கும் பொறியையே வெளியே எறிகிறார்கள். மூன்று மாதங்கள் தவறாமல் தொடர்ந்தால் வீடு தூய்மையடையும்.

ஓர் எச்சரிக்கையையும் கூற வேண்டும். நாய்க்கு வாங்கிய மருந்தையோ, மாட்டு உண்ணிக்குக் கொடுத்த மருந்தையோ, மீந்திருக்கிறதே என்று பூனையின்மேல் பூசாதீர்கள். அவற்றுள் உள்ள பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் ஆகியவை பூனைக்கு நஞ்சு. நாயின் உடல் முறித்துவிடும் நஞ்சைப் பூனையின் கல்லீரல் முறிக்க வல்லதன்று. மேலும், பூனை தன் உடலைத் தானே நக்கித் தூய்மை செய்யும் பிராணி. உரோமத்தில் பூசுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூர எண்ணெய் ஆகியவற்றையும் இதே காரணத்தால் தவிர்க்க வேண்டும். அறியாமல் யாரேனும் பூசிவிட்டு, பூனை நடுங்கினாலோ, வாயில் நுரை தள்ளினாலோ, வலிப்புக் கண்டாலோ, ஒரு நாழிகையும் தாமதியாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

பெற்றோரே, பூனையைச் சாக்கில் கட்டும்போது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். தொல்லை தந்த உயிரைத் தொலைத்துவிடலாம் என்பதை அவர்கள் அன்று கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் தொல்லையோ வீட்டிலேயே தங்கிவிடுகிறது. அதற்கு மாறாக, ஒரு பிள்ளையின் கையில் சீப்பையும் மற்றொரு பிள்ளையின் கையில் துடைப்பத்தையும் கொடுங்கள். நாட்காட்டியில் மருந்து இடும் நாளைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். மூன்று மாதங்கள் கழிந்து, பாயை உதறும்போது ஒன்றும் துள்ளாத காலை வரும். அடைக்கலமாக வந்த உயிரைக் கைவிடாமலேயே வீட்டைக் காக்க முடியும் என்பதை அன்று அவர்கள் நேரில் கண்டிருப்பார்கள்.