பழைய கணினியைக் கழிக்குமுன்

மன்னார் மாவட்டத்தின் திருக்கேதீஸ்வரத்தில் திருவிழா மலர்களையும் நினைவு மலர்களையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில் வடிவமைத்தவன் நான். ஊரவரின் வம்சாவளியும் இடப்பெயர்வுக் கதைகளும் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனின் இன்றைய பதிப்பு அந்தக் கோப்புகளைத் திறப்பதில்லை. பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் தமிழ் முழுதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகிவிடும்.

உள்நாட்டுப் போரில் அழிந்தவை போக மிஞ்சியவற்றையும் அலட்சியத்தால் இழக்கலாமா? அச்சகங்களும் கோயில் சபைகளும் பழைய கணினியைக் கழிக்குமுன் கோப்புகளை ஒருங்குறிக்கும் பிடிஎஃப்புக்கும் மாற்றட்டும். மூலக்கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே வைக்கட்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கட்டும். பழைய மென்பொருள் இயங்கும் கணினி ஒன்றை மன்னார் மாவட்டத்தில் பொதுவில் பேணுவது அரசின் கடமை.