முதுகை அளந்து பை வாங்குங்கள்

என் அண்ணன் மகள் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். விடுதியில் தங்கியிருக்கிறாள். மாதத்தில் ஒரு நாளாவது படப்பையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டுத் தூங்கிவிட்டுப் போவாள். போன வருடம் அப்படி ஒரு வாரவிடுப்பில் வந்தவளுக்குக் காபி கொடுத்தேன். டம்ளரைப் பிடித்தவள் சட்டென்று கீழே வைத்துவிட்டாள். விரல்கள் மரத்துப்போயிருப்பதாகச் சொன்னாள். துப்பட்டாவை விலக்கிப் பார்த்தால் இரண்டு தோளிலும் ரத்தச் சிவப்பில் கோடு, ஒரு பக்கம் தோலே உரிந்திருந்தது.

"பர்வதமலைக்குப் போனோம் அத்தை. கூட வந்தவங்க எல்லாரும் ஏறிட்டாங்க. கடப்பாறைப் படிகிட்டயே நான் உக்காந்துட்டேன். என் உடம்புக்கு மலையெல்லாம் சரிப்படாது."

அவள் கொண்டுபோன பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எல்லாருக்கும் கொடுத்த பை. மடிக்கணினி வைக்கிற மாதிரியான ஒன்று. தோள்பட்டை இரண்டு விரல் அகலம், உள்ளே பஞ்சு என்று பேருக்கு ஏதோ இருந்தது. பை முழுவதும் சேர்ந்து தோளிலிருந்து பின்பக்கம் தொங்கும். அதில் இரண்டு நாள் துணி, போர்வை, தோழியின் தண்ணீர் பாட்டில் உட்பட எல்லாவற்றையும் திணித்திருக்கிறாள். திரும்ப அதேபோல் அடுக்கச் சொல்லி எடை பார்த்தேன். ஒன்பது கிலோ.

"குறை உன் உடம்பில் இல்லடி, இந்தப் பையில்" என்றேன். அவள் நம்பவில்லை. இந்தக் கட்டுரை அவள் நம்பாததால்தான் எழுதுகிறேன். அவளைப் போல இந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள். வல்லம் வடகாலில் மட்டும் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். சொந்தச் சம்பளம், சொந்த விடுமுறை, கூடவே போக நாலு தோழிகள். மலை பார்க்கலாம், காடு பார்க்கலாம் என்று இவர்களுக்கு ஆசை வருவது இயல்பு. முதல் பயணத்திலேயே பை முதுகை முறித்துவிட்டால், 'நமக்கு இதெல்லாம் ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பொருந்தாத பொருளைக் குறை சொல்லாமல் தன் உடம்பைக் குறை சொல்லிக்கொள்கிற பழக்கம் நம் பெண்களிடம் அதிகம்.

இதை நான் வேலை செய்த இடத்திலேயே பார்த்திருக்கிறேன். நான் சேர்ந்த காலத்தில் அசெம்பிளி மேசைகள் எல்லாம் ஆண்கள் உயரத்துக்குப் போட்டவை. பெண் பிள்ளைகள் கையைத் தூக்கியே எட்டு மணி நேரம் வேலை செய்வார்கள். சாயங்காலம் ஆனால் தோள்வலி, கழுத்துவலி. 'பெண்களுக்குத் தெம்பு பத்தாது' என்று மேற்பார்வையாளர்கள் பேசிக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் பேக்கிங் மரப்பலகையை அடித்து நாலு அங்குல உயரத்தில் ஒரு மேடை செய்து காலுக்கடியில் போட்டார். அவ்வளவுதான், வலி பற்றிய பேச்சு பாதியாகக் குறைந்தது. பிள்ளைகளின் தெம்பு ஒரே நாளில் கூடிவிடவில்லை. மேசைதான் அவர்களுக்கு ஏற்ற உயரத்துக்கு வந்தது.

பையும் அப்படித்தான். பல நாள் நடைக்கான முதுகுப்பையின் சூட்சுமம் தோளில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. நல்ல பையில் அகலமான இடுப்பு பெல்ட் இருக்கும். பைக்குள் முதுகை ஒட்டி ஒரு சட்டம் இருக்கும். அந்தச் சட்டம் மொத்தச் சுமையையும் கீழே கடத்தி இடுப்பு எலும்பின் மேல் உட்கார வைக்கும். சரியாகக் கட்டினால் சுமையில் முக்கால் பங்கை இடுப்பு தாங்கும். தோள்பட்டையின் வேலை, பை பின்னால் சாயாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே. இடுப்பு பெல்ட் இல்லாத பையில் அத்தனை கனமும் தோளில் இறங்கும். காறை எலும்புக்கு அடியில் கைக்குப் போகும் நரம்புக் கொத்து இருக்கிறது. அது மணிக்கணக்கில் நசுங்கினால் விரல் மரத்துப்போகும், கை பலவீனமாகும். கனமான பை சுமக்கும் ராணுவ வீரர்களுக்கு இது வருவதை மருத்துவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். என் மருமகள் டம்ளரைக் கீழே வைத்தாளே, அதற்கு இதுதான் காரணம். அவளுக்கு இரண்டு நாளில் சரியாகிவிட்டது. சரியாகவில்லை என்றால் எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் இருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

"அந்தக் காலத்தில் பாட்டிமார் துணி மூட்டையோடு மலை ஏறவில்லையா?" என்று என் கணவர் கேட்டார். ஏறினார்கள். ஆனால் சும்மாடு வைத்துத் தலையில் சுமந்தார்கள், இல்லையென்றால் குடம் போல இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். இரண்டிலும் கனம் நேராக எலும்பில் இறங்குகிறது. தோளில் வாரைப் போட்டுத் தொங்கவிட்டது பள்ளிக்கூடப் பை காலத்தில் வந்த பழக்கம். அமெரிக்காவில் 1950-களில் டிக் கெல்டி என்பவர் அலுமினியச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும் வைத்த பையைச் செய்து விற்றார். மலையில் நடக்கும்போது பையின் சட்டக் கட்டைகளைக் கால்சட்டையின் பின் பாக்கெட்டில் செருகிப் பார்த்தபோது தோள் லேசானதாம். அதிலிருந்து வந்த யோசனை அது. இடுப்பில் குடம் வைத்துப் பழகிய எந்தப் பெண்ணும் அவருக்கு இதைச் சொல்லியிருப்பாள்.

சரி, எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் முதுகை அளக்க வேண்டும். ஆளின் உயரத்தை இல்லை, முதுகின் நீளத்தை. தலையைக் குனிந்தால் கழுத்தடியில் ஓர் எலும்பு முட்டிக்கொண்டு தெரியும். அதுதான் தொடக்கம். இடுப்பின் இரண்டு பக்கமும் கையை வைத்தால் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பு தட்டுப்படும். கட்டை விரல்களைப் பின்பக்கம் நீட்டினால் அவை முதுகுத்தண்டைத் தொடும் இடம்தான் முடிவு. தையல்காரர் டேப் போதும், கூட ஒருவர் இருந்தால் ஒரு நிமிட வேலை. எங்கள் பெண்ணுக்குப் பதினைந்தரை அங்குலம் வந்தது. அவளைவிட நாலு விரல் குள்ளமான எனக்குப் பதினாறு! உயரத்தை வைத்து வாங்கினால் ஏமாறுவோம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சென்னையில் ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனோம். அங்கிருந்த பையன் எங்களைப் பார்த்ததும் "லேடீஸ் பேக்கா மேடம்?" என்று ரோஸ் நிறத்தில் ஒரு சின்னப் பையை எடுத்து நீட்டினான். அதில் இடுப்பு பெல்ட் என்ற பெயரில் ஒரு நாடா மட்டும் இருந்தது. பெண்களுக்கான பை என்றால் நிறமும் இல்லை, அளவில் சிறியது என்பதும் இல்லை. முதுகுச் சட்டம் குட்டையாக இருக்கும். இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் இடைவெளி குறைவு. பட்டைகள் மார்பை அழுத்தாமல் வளைந்து போகும். இடுப்பு பெல்ட் மேலே ஒடுங்கிக் கீழே விரிந்து, பெண்களின் இடுப்பு வளைவுக்கு ஏற்றபடி இருக்கும். இந்த நான்கும் இருந்தால் அது கறுப்போ பச்சையோ, பெண்களுக்கான பைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீண்ட முதுகுள்ள பெண்ணுக்கு ஆண்கள் பை நன்றாகப் பொருந்தலாம், குட்டை முதுகுள்ள ஆணுக்குப் பெண்கள் பை பொருந்தலாம். சீட்டில் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, முதுகு சொல்வதைக் கேட்க வேண்டும்.

காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்த்து வாங்குவது வீண். காலியாக இருந்தால் எல்லாப் பையும் சுகம்தான். நாங்கள் வீட்டிலிருந்தே ஐந்து கிலோ அரிசிப் பொட்டலமும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோயிருந்தோம். கடைப் பையன் சிரித்தான், சிரிக்கட்டும். மாட்டுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் எல்லாப் பட்டைகளையும் தளர்த்திவிட வேண்டும். பிறகு இடுப்பு பெல்ட்டை இடுப்பு எலும்பின் மேல் வைத்துக் கட்ட வேண்டும், வயிற்றில் கட்டக்கூடாது. அதன்பிறகு தோள்பட்டையை இழுக்க வேண்டும். தோளுக்கு மேலே பையின் உச்சிக்குப் போகும் சிறிய பட்டைகளை இழுத்தால் பை முதுகோடு ஒட்டும். கடைசியாக நெஞ்சுப் பட்டை, காறை எலும்புக்கு இரண்டு விரல் கீழே. மூச்சு தடைபடாமல் கட்ட வேண்டும். இப்படிக் கட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நடந்தாள், குனிந்தாள், மாடிப்படி ஏறினாள். நாலாவது பையில் முகம் மாறியது. "அத்தை, அரிசி உள்ளே இருக்கா இல்லையா?" என்றாள். அந்தப் பையை வாங்கினோம்.

எந்தக் கடைக்காரரும் சொல்லாத சில விஷயங்கள் உண்டு. சுடிதாரின் நாடா முடிச்சு இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் மாட்டினால் அரை நாளில் புண்ணாகிவிடும். எலாஸ்டிக் வைத்த பேன்ட் போட்டுக்கொள்வது நல்லது. நீளப் பின்னல் பைக்கும் முதுகுக்கும் நடுவில் சிக்கி இழுக்கும், கொண்டையாகப் போட்டால் பையின் உச்சியில் இடிக்கும். முன்பக்கம் பின்னலைப் போட்டுக்கொண்டே கடையில் சோதித்துப் பார்க்கலாம். தாலிச் சங்கிலி தோள்பட்டைக்கு அடியில் போனால் உரசும். மாதவிலக்கு நாட்களில் இடுப்பு பெல்ட் அடிவயிற்றை அழுத்தும். அன்று ஒரு விரல் மேலே கட்டி, கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். நாப்கினை அடியில் புதைக்காமல், பையைக் கழற்றியவுடன் கைக்கு எட்டும் அறையில் வைக்க வேண்டும். பயன்படுத்தியதைக் காட்டில் போடாமல் திருப்பிக் கொண்டுவர, ஜிப் வைத்த தனி உறை ஒன்றும் வேண்டும்.

அளவு பற்றி ஒரு வார்த்தை. ஒரு பகல் நடைக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளை அறிவித்தது. பெரும்பாலும் ஒரு நாள் நடைகள். அதற்கெல்லாம் பெரிய பை வாங்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று இரவு என்றால் 40 முதல் 50. அதற்கு மேல் வாங்கினால், இடம் இருக்கிறதே என்று வீட்டையே அடைப்போம். பையும் சுமையும் சேர்ந்து உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. எங்கள் பெண் 48 கிலோ, அவளுக்கு ஒன்பதரைதான் எல்லை. பர்வதமலைக்கு ஒன்பது கிலோ சுமந்தாள் என்றால், எல்லைக்குள்தான் சுமந்திருக்கிறாள். அந்தக் கனத்தைச் சுமக்கும் தெம்பு அவளுக்கு இருந்தது, அதை வைத்துக்கொள்ளச் சரியான இடம்தான் இல்லை. கனமானவற்றை முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வருமாறு அடுக்க வேண்டும். வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னால் இழுக்கும்.

விலையைப் பற்றிக் கேட்பீர்கள். ஆயுத பூஜைப் பை இலவசம், இது பல ஆயிரம். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கும் அனுப்பும் பெண்ணுக்கு அது சின்னத் தொகை இல்லை. அப்படியானால் வாடகைக்கு எடுங்கள், இரண்டு தோழிகள் சேர்ந்து வாங்குங்கள். ஆனால் சேர்ந்து வாங்குகிறவர்களின் முதுகு ஒரே அளவாக இருக்க வேண்டும், அல்லது முதுகு நீளத்தை மாற்றிக்கொள்ளும் வசதி பையில் இருக்க வேண்டும். காசு குறைவாக இருந்தால் ஷூவும் பையும் நல்லதாக வாங்கிவிட்டு, மற்றதைக் கடன் வாங்குங்கள். பழைய ஸ்வெட்டரால் யாருக்கும் கை மரத்ததில்லை.

இவ்வளவு அக்கறை எனக்கு ஏன் என்றால், அதற்கும் ஒரு காரணம் உண்டு. என் கணவர் இளமையில் நண்பர்களோடு அகத்தியர்கூடம் போனார். நானும் வருகிறேன் என்றேன். பெண்களை அங்கே விடுவதில்லை என்றார்கள். அவருக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்து அனுப்பினேன். 2018 இறுதியில் கேரள உயர் நீதிமன்றம் பெண்களும் போகலாம் என்றது. அடுத்த ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சிக்குப் போய்வந்தார். எங்கள் பக்கத்து மலைப்பட்டுக் குன்றில் கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கிக் காட்டிய முத்தமிழ்ச்செல்வி, 2023 மே மாதம் எவரெஸ்டிலேயே ஏறிவிட்டார். வழி திறந்தபோது எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. வழி திறந்திருக்கும் காலத்தில் பிறந்த பெண், ஒரு மட்டமான பையால் திரும்பி வந்தால் எனக்கு ஆறாது.

குரங்கணித் தீக்குப் பிறகு மலை என்றாலே அண்ணி நடுங்குவாள். வனத்துறை அனுமதி, வழிகாட்டி, மருத்துவச் சான்று எல்லாம் உண்டு என்று அவளிடம் நான்தான் பேசினேன். என் மருமகள் இரண்டு மாதம் வாரவிடுப்புகளில் அரிசியைச் சுமந்து குன்றத்தூர் முருகன் கோயில் படிகளை ஏறி இறங்கினாள். இந்த ஜனவரியில் போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் இரண்டு இரவு தங்கி, அகத்தியர்கூட உச்சிக்குப் போய்விட்டு வந்தாள். ஏழரை கிலோ சுமந்தாளாம். முழங்கால் வலி, அட்டைக்கடி, முகாமில் குளிர் என்று ஒரு மணி நேரம் புலம்பினாள். தோளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான்தான் கேட்டேன். "தோளா? அதுக்கு என்ன?" என்றாள்.

போன வாரம் போன் செய்தாள். விடுதியில் இன்னொரு பெண் கொடைக்கானல் பக்கம் மூன்று நாள் நடக்கப் போகிறாளாம், பையைக் கேட்கிறாளாம். "குடுக்கட்டுமா அத்தை?"

"தாராளமா குடு. முதல்ல டேப்பை எடுத்து அவ முதுகை அள" என்றேன்.