பொருளியற் பட்டமும் கரிசற்காடும்

கோடை விடுமுறை அணுகும் இவ்வேளையில், பொருளியல் பயிலும் நம் கல்லூரி மாணாக்கரை ஒன்று வினவ விழைகின்றோம். சென்ற ஆண்டு உம் வீட்டுப் பருத்தி குவிண்டால் என்ன விலைக்குப் போயிற்று? அவ்விலையை வைத்தவர் யார்? விற்ற பணத்தில் வீடு வந்து சேர்ந்தது எவ்வளவு? இம்மூன்றுக்கும் விடை கூற வல்லார் நம்முள் எத்துணையர்?

பிறரைக் குறை கூறுதற்கு இதனை எழுதுகின்றோமல்லோம். யாமும் கோவில்பட்டிக்குத் தெற்கே, இடைசெவலை அடுத்த கரிசற் சிற்றூரொன்றிற் பிறந்து, மானாவாரி விளைச்சலை நம்பிக் கட்டிய சம்பளத்திற் பயின்றவரே. தேவைக்கோடும் அளிப்புக்கோடும் வெட்டுமிடத்தே விலை அமையும் என்று தேர்வுத் தாளிற் பிழையற எழுதினோம். உயர் வகுப்பிற் தேறினோம். ஊர் திரும்பியபோது எம் பாட்டனார், "மாசி பங்குனியில் பருத்தி வெடிக்கும்போது விலை இறங்குகிறது, நம் கையிருப்பு தீர்ந்தபின் ஏறுகிறது. இதற்கு உன் படிப்பு என்னப்பா சொல்லுது?" என்றார். வரத்து மிகுதி என்றோம். "அது எனக்கும் தெரியும். விலை ஏறும்வரை நான் ஏன் வச்சிருக்க முடியலை? அதைச் சொல்லு" என்றார். வாயடைத்து நின்றோம்.

விடை நூலில் இல்லாமலில்லை. இருவேறு அத்தியாயங்களிற் பிரிந்து கிடந்தது. விலை ஓர் அத்தியாயம். கடன் மற்றோர் அத்தியாயம். கரிசற்காட்டிலோ இரண்டும் ஒன்றே. ஐப்பசியில் விதைப்புக்கு முன்பணம் கொடுத்தவரே பங்குனியிற் பருத்தியை எடுத்துச் செல்பவராயின், கடன்பட்டவன் காத்திருக்க இயலாது. காத்திருக்க இயலாதவன் விலை பேசவும் இயலாது. சந்தை என்று யாம் படித்தது, அவனுக்கு ஐப்பசியிலேயே முடிந்துவிட்டது.

ஏட்டுக்கும் காட்டுக்கும் இடையே உள்ள இத்தொலைவை முன்னோர் உணராமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பொருளியற் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், அதற்குமுன் தொழிலாளர் பயிலும் ஆக்ஸ்போர்டு ரஸ்கின் கல்லூரியின் தலைவராய் இருந்தவர். இந்நாட்டு ஊர்களை அறியாது இந்நாட்டுப் பொருளியலைக் கற்பித்தல் பயனிலதென்று கண்டு, அவர் 1916-இல் வினாத்தாள் வகுத்து, மாணாக்கரை விடுமுறையில் ஊர்களை ஆராயுமாறு ஏவினார். நிலம், பயிர், கூலி, கடன், கைத்தொழில் அனைத்தும் கேட்டெழுதப்பட்டன. 1918-இல் நூலாக வெளிவந்த அவ்வாராய்ச்சியில் திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும், அந்நாளில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த வடமலைபுரமும் இடம்பெற்றன. பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்த நூல் 1940-இல் வெளிவந்தது. இடையே உலகப் பெருமந்தம் வந்து விலைகளைக் கவிழ்த்திருந்தது. 1980-களிலும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் கங்கைகொண்டானுக்கும் வடமலைபுரத்துக்கும் சென்றனர். மாணாக்கர் விடுமுறையில் எழுதிய குறிப்பு, ஏறத்தாழ எழுபது ஆண்டு கழிந்தும் அளவுகோலாய் நின்றதன்றோ!

இடைசெவலுக்கோ வேறு வகைக் கணக்கர் வாய்த்தார். பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாது, ஏர் பிடித்த கி. ராஜநாராயணன், இம்மண்ணின் சொற்களைத் திரட்டி 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி தந்தார். பின்னாளிற் புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2021-இல் அவர் மறைந்தார். பட்டம் பெறாத உழவர் ஒருவர் ஊரின் சொல்லைக் காத்தார். பட்டம் பெறும் நாம் ஊரின் வரவு செலவையேனும் எழுதிவைக்கலாகாதா?

ஓர் ஊரை அறிந்தால் உலகை அறிந்ததாகுமோ என்று சிலர் தடை எழுப்புவர். ஆகாது. கோட்பாடின்றித் திரட்டிய செய்தி, தூற்றாத களத்துப் பொலியே. கணிதமும் புள்ளியியலும் வேண்டா என்று யாம் கூறவில்லை. தூற்றுதற்குக் காற்று வேண்டும். ஆயின் களத்தில் தவசமே இல்லாவிடத்து, காற்று வீசி ஆவதென்ன?

கேட்கவேண்டுவனவோ இன்றும் பலவுள. பருத்தியும் கம்பும் நின்ற புஞ்சைகளில் மக்காச்சோளம் எக்காரணத்தாற் பரவிற்று? 2018-இல் தமிழகத்துள் புகுந்த படைப்புழுவால் எவர் எவ்வளவு இழந்தனர்? 2016-இல் வந்த பயிர்க்காப்பீட்டுத் திட்டத்தில், பெரும்பாலும் தனி ஒருவர் புஞ்சையை அளவாது வட்டாரச் சராசரி கொண்டே இழப்பு கணிக்கப்படுகிறது. அச்சராசரியின்கீழ் விடுபட்டவர் யார்? நிலமுடையார் திண்ணையோடு நில்லாமல், நிலமில்லார் குடியிருப்பிலும் இவற்றைக் கேட்டல் வேண்டும். பருத்தி எடுக்கும் பெண்டிரின் கூலிக் கணக்கு, காட்டுக்காரரின் கணக்கினின்றும் வேறாயிருக்கும்.

இதில் ஓர் இடர் உண்டு. ஒருவர் கடனைக் கேட்பது அவர் மானத்தைத் தொடுவதாகும். ஆதலின் முதற்கண் தத்தம் வீட்டுக் கணக்கை எழுதுக. அஃது எத்துணை அரிதென்று உணர்ந்தபின் அடுத்த வீட்டுப் படியேறுக. சொன்னவர் பெயரை ஏட்டில் எழுதற்க. அவர் சொல்லை ஊரிற் பரப்பற்க.

நம் துறைத் தலைவருக்கும் ஒரு விண்ணப்பம். பட்டத்திற்குப் பயிலும் ஒவ்வொருவரும் ஒரு விடுமுறையில் ஓர் ஊர்க் கணக்கு எழுதித் தருதலையும், அது கல்லூரி நூலகத்திற் பாதுகாக்கப்படுதலையும் ஒரு நியமமாக்குக. பத்தாண்டில் கரிசற்சீமையின் மெய்வரலாறு நம்மிடம் இருக்கும்.

எம் பாட்டனார் இன்றில்லை. அவர் கேட்ட கேள்வி இருக்கின்றது. அதற்கு அவர் காலத்திலேயே விடை கூற இயலாது போனமை, எம் பட்டத்தில் இன்றளவும் நிற்கும் குறை. மாணாக்க நண்பர்காள், உம் பாட்டனார் இருக்கும்போதே கேட்டெழுதுவீராக.